தராசும் தூய்மையும்

நம் சிறு வட்டத்தில் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. விற்பது என்றாலே விலைபோவது என்ற நம்பிக்கை. புத்தகம் ஐம்பது பிரதி போனால் எழுதியவன் தவசி. ஐந்நூறு போனால் சந்தேகத்துக்குரியவன். இதைத் தார்மீகம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இதில் சோம்பலும் சாதிப் பெருமையும் கலந்திருப்பதாகவே படுகிறது. தராசைத் தொடுவது கீழான வேலை என்ற பழைய எண்ணம்தான் இங்கே நவீன இலக்கியம் பேசிக்கொண்டு நிற்கிறது.

விற்பதற்காகப் படைப்பது வேறு, படைத்ததை விற்பது வேறு. முன்னதில் வாங்குபவன் எழுதும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். பின்னதில் வேலை முடிந்த பிறகுதான் அவனுக்குக் கதவு திறக்கிறது. வணிகப் பத்திரிகைகளோடு நாம் போட்ட சண்டை முன்னதற்காக. சண்டையின் வேகத்தில் பின்னதையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம்.

1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட புத்தகங்களைக் கட்டாகச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இதைச் சொல்லி நாம் நெகிழ்கிறோம், தியாகம் என்கிறோம். தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் நாம் அதைச் செய்ய வேண்டியதில்லை அல்லவா? அது விநியோகம். அதைச் செய்ததால் அவர் விமர்சனம் இளகிவிடவில்லை.

ஓவியர்களைப் பாருங்கள். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்தப் பணம்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்துக்கு நிலமாயிற்று. அதே வருஷங்களில்தான் பணிக்கர் ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளையும் கொண்டு, யாருக்கும் எளிதில் பிடிபடாத 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை வரைந்துகொண்டிருந்தார். துணி சந்தைக்குப் போயிற்று. சந்தை கித்தானுக்குள் வரவில்லை.

கைத்தொழில் கலையைத் தின்றுவிடாதா என்று கேட்கலாம். தின்னக்கூடும். ஆனால் வங்கியும் அரசு அலுவலகமும் நம்மவர்களின் நாளில் எட்டு மணி நேரத்தைத் தின்றபோது யாரும் அதைச் சமரசம் என்று சொன்னதில்லை. உண்மை என்னவென்றால், மாதச் சம்பளத்தின் நிழலில் உட்கார்ந்துதான் விற்பனையை இகழ முடிந்தது. சம்பளமில்லாத ஒருவனுக்கோ, கையில் தன் காசு என்று இல்லாத ஒரு பெண்ணுக்கோ இந்தத் தூய்மை கட்டுப்படியாகாது. அவர்கள் எழுதாமல் நின்றுபோகிறார்கள். நாமோ சூழல் வறண்டுவிட்டது என்று கட்டுரை எழுதுகிறோம்.

விற்க மாட்டேன் என்பவனின் சரக்கும் விற்கத்தான் படுகிறது, வேறொருவனால், அவன் சொன்ன விலைக்கு. நூலக ஆணை வந்தால் கணக்குப் பார்க்கலாம் என்று பதிப்பாளர் சொல்ல, வருஷக்கணக்கில் தலையாட்டும் கவிஞனைவிடச் சமரசம் செய்துகொண்டவன் யார்?

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயங்கள். காகிதம் என்ன விலை, கடைக்காரனுக்குக் கழிவு எவ்வளவு, எத்தனை பிரதி போனால் அச்சுக்கூலி திரும்பும் என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கட்டும். இன்று ஐம்பது நூறு பிரதிகள்கூட அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. ஆயிரம் பிரதிக்குக் கடன் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. படம் கைமாறும்போது ஓவியன் ரசீது எழுதட்டும். நண்பர்கள் இலவசப் பிரதி கேட்பதை நிறுத்தட்டும்.

இந்த இதழையும் காசு கொடுத்து வாங்குங்கள்.