"சூப்பர்ண்ணே!" போதுமா?

எங்க ஊர்ல ரைஸ்மில் வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் சொந்தமா கீர்த்தனை போடுவார். குரு கிடையாது. ரேடியோக் கச்சேரியும் பழைய கேசட்டும்தான் பாடம். பாடிட்டு "எப்படிப்பா இருக்கு?"ன்னு முகத்தையே பார்ப்பார். எல்லாரும் "சூப்பர்ண்ணே!" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பக்கத்து வயல்ல வெண்கதிர் தெரிஞ்சா, "பயிர் பிரமாதம்"னு சொல்லிட்டா போறோம்? குருத்துப்பூச்சி விழுந்திருக்குன்னு சொல்றோம்ல. பாட்டுக்கு மட்டும் என்ன தயவு?

அதுக்காக "ராகம் சரியில்லை"ன்னு மொட்டையாச் சொன்னாலும் பிரயோஜனமில்லை. மோகனம்னு அவர் பாடுறதுல, சரணத்தின் இரண்டாம் வரியில் நிஷாதம் எட்டிப் பார்க்குது. மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது. அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினா அவரே சரி பண்ணிடுவார். பல்லவி எடுப்பு அவ்வளவு சுகம். அதையும் சொல்லணும், சமாதானத்துக்கு இல்லை, நிஜமாவே நல்லாருக்கு.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் இலக்கணப் பிழைகள் இருந்ததால், சிறப்புப் பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இழுத்தடித்தார் என்பார்கள். ஒருநாள் பாரதியார் பாடக் கேட்டு உருகி எழுதிக் கொடுத்தாராம். உருகினது பிடிக்குது, அலைய விட்டது பிடிக்கலை. எந்த வரியில் என்ன பிழைன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமே?

இன்னொண்ணு, நாலு பேர் கூடுற டீக்கடையில் வச்சுச் சொல்லாதீங்க. மில் ஓடாத மதியமாப் பார்த்துப் போங்க. ஓடுற நேரத்துல நிஷாதம் எங்க கேட்கப் போகுது!