உம்மு காலிதுக்குக் கிடைத்த ஆடை



புத்தளத்தில் பிறந்து, 9ஆம் தரம் வரை அங்கேயே படித்த பெண் பிள்ளை ஒருத்தியைப் பெற்றோர் யாழ்ப்பாணம் சோனகதெருவுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். மூன்று மாதமாகப் பிள்ளை யாருக்கும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். "அகதியாக அலைந்தவர்கள் நாங்கள். இவள் சொந்த ஊருக்கு வந்திருக்கிறாள். இவளுக்கு என்ன குறை மௌலவி?" என்று தாய் கேட்கிறார். இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பல தாய்மார் கேட்டுவிட்டார்கள். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை சகோதரிகளே! சோனகதெரு அவளுடைய உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சொந்த ஊர். அவளுக்கு அது அந்நிய ஊர். பெற்றோர் திரும்பி வந்திருக்கிறார்கள். பிள்ளை புறப்பட்டு வந்திருக்கிறாள். இந்த வேறுபாடு விளங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இது விளங்குவதற்கு நாம் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

1990 ஒக்டோபரின் பிற்பகுதியில், ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகர முஸ்லிம்களின் முறை ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை வந்தது. ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். ஆளுக்கு 150 ரூபாயும் மாற்றுடுப்பும் மட்டுமே. போகும் வழியில் நகைகளையும் கழற்றிக்கொண்டார்கள். இதை நம்மில் பலர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. அன்று போனவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைத் தற்காலிகம் என்றே எண்ணினார்கள். ஒரு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம்! அந்த ஒரு மாதம், 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது ஏறத்தாழப் பதினொன்றரை வருடமாகியிருந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது பத்தொன்பது வருடம் நெருங்கிவிட்டது.

புத்தளத்து முஸ்லிம்கள் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள், வீட்டில் இடம் கொடுத்தார்கள், சோறு சமைத்துப் போட்டார்கள். அந்த நன்றியை மறக்கக் கூடாது. பிறகு நாளாக ஆக, பாடசாலையில் வாங்கு போதாமல், வேலை போதாமல், தண்ணீர் போதாமல் மனக்கசப்பு வந்ததும் உண்மைதான். கற்பிட்டிப் பக்கத்துக் கிடுகுக் கொட்டில்களிலிருந்து பெண்கள் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர்களின் வீட்டுப் பெண்களும் போனார்கள். பிள்ளைகளில் ஒரு பகுதியினர், உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன வகுப்பறைகளில் பிற்பகலில் உட்கார்ந்து படித்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு பெயரும் கிடைத்தது: அகதி.

இதில் பெற்றோரின் நிலை ஒன்று, பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் நிலை வேறு. "போகத்தானே போகிறோம்" என்ற ஒரு வார்த்தையால் பெரியவர்கள் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டார்கள். போகத்தானே போகிறோம், எதற்குக் கல்லால் கட்ட வேண்டும்? எதற்கு மரம் வைக்க வேண்டும்? எதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகளோடு இவ்வளவு சிநேகிதம்? நாற்பது வயதுக்காரருக்கு ஐந்து வருடத்தை இப்படித் தள்ளிப்போட முடியும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த ஐந்து வருடம்தான் இளமை. அவர்கள் அங்கேயே தோழிகளைத் தேடிக்கொண்டார்கள், சிங்களம் பழகினார்கள், கற்பிட்டிக் கடற்காற்றுக்கும் தெருவில் திரியும் கழுதைகளுக்கும் பழகிப்போனார்கள். அந்தப் பிள்ளைகளே இன்று தாயும் தகப்பனும் ஆகிவிட்டார்கள்.

மானிடவியல் ஆய்வாளர் ஷரிகா திராணகம புத்தளத்தில் நம் குடும்பங்களோடு நெடுநாள் பழகி எழுதிய நூல் 2011இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரே கூரையின் கீழ் வாழும் தாய்க்கு யாழ்ப்பாணம் ஊராகவும் மகளுக்குப் புத்தளம் ஊராகவும் ஆகிவிட்டதை அதில் அவர் பதிந்திருக்கிறார். வெளியார் ஒருவர் கண்டு எழுதியது, பல வீடுகளில் நமக்கே தெரியவில்லை.

இனி ஸீராவுக்கு வருவோம். நுபுவ்வத்தின் 5ஆம் ஆண்டில், கி.பி. 615 அளவில், மக்காவின் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்களில் ஒரு கூட்டத்தார் அபிசீனியாவுக்குப் போனார்கள். நஜாஷி மன்னரின் சபையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் மர்யம் சூராவை ஓதிய வரலாறு உங்களுக்குத் தெரியும். அவர்களும் தற்காலிகமாகத்தான் போனார்கள். மக்காவாசிகள் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்ற பொய்ச் செய்தியை நம்பிச் சிலர் திரும்பி வந்து, நிலைமையைக் கண்டு மறுபடியும் போனதும் உண்டு. 2002இல் வந்து 2006இல் திரும்பிப் போனவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஜஃபர் (ரழி) அவர்களின் கூட்டம் மதீனாவுக்கு வந்து சேர்ந்தது ஹிஜ்ரி 7இல், கைபர் வெற்றியின்போதுதான். இடையில் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம்! அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களுக்கு மூன்று ஆண் மக்கள் பிறந்ததும் அந்த மண்ணில்தான்.

அங்கே பிறந்த இன்னொரு குழந்தை உம்மு காலித். காலித் இப்னு ஸயீத் (ரழி) அவர்களின் மகள். கண் திறந்தது, நடை பழகியது, வாய் பேசியது எல்லாம் அபிசீனியாவில். மதீனா, பெற்றோர் ஏங்கிய நபியின் ஊர். சிறுமிக்கோ முன்பின் தெரியாத ஊர். ஸஹீஹுல் புகாரியில் அவரே பிற்காலத்தில் அறிவிக்கிறார். நபி (ஸல்) அவர்களிடம் சில ஆடைகள் வந்தன. அவற்றில் சிறிய கறுப்பு ஆடை ஒன்று. இதை யாருக்கு அணிவிப்போம் என்று கேட்டார்கள். சபையில் எல்லோரும் மௌனம். உம்மு காலிதைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். தங்கள் கையாலேயே அணிவித்து, அது கிழியும் வரை நெடுநாள் உடுத்தி வாழ துஆச் செய்தார்கள். பிறகு ஆடையில் இருந்த வேலைப்பாட்டைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னார்கள்: "ஸனாஹ்". அது அரபு இல்லை. அபிசீனிய மொழியில் அழகு, நல்லது என்று பொருள்.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! அரபு மொழியில் அழகுக்குச் சொல்லா இல்லை? அந்தச் சிறுமி விட்டுவந்த நாட்டின் சொல்லைத் தேடி எடுத்து, பெரியவர்கள் நிறைந்த சபையில் அவளிடம் சொன்னார்கள். அந்த நாட்டை மற என்று சொல்லவில்லை. அரபுக் கல்லூரியில் இந்த ஹதீஸை ஆடை பற்றிய பாடமாகத்தான் நாங்கள் ஓதினோம். இடம் மாறி வந்த பிள்ளையை வரவேற்கும் பாடமாகவும் அதை ஓதலாம் என்பது என் கருத்து.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பேச்சில் அதுவுக்கும் இதுவுக்கும் நடுவில் "உது" என்று ஒன்று உண்டு. உவன், உங்கை என்பார்கள். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது வாயில் வராது. வகுப்பில் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மாமியும் சாச்சியும் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று புத்தளத்தில் இதே "உது"வைச் சொல்லிப் பரிகாசம் வாங்கியவர்கள்தான் இவர்கள்! வீட்டிலாவது இந்தச் சிரிப்பை இன்றே நிறுத்துங்கள்.

"இது உன் ஊர்" என்று கட்டளையிடுவதாலும் பயனில்லை. 1990ஐ மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, ஊர் என்றால் பறிபோன இடம் என்பது மட்டும்தான் தெரியும். பாட்டி தண்ணீர் அள்ளிய கிணற்றைக் காட்டுங்கள். வாப்பா பந்தடித்த ஜின்னா மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். பனங்கிழங்கை அவித்துக் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதற்காக வாக்குவாதம் வேண்டாம். அன்று நாம் வெளியேறியபோது தெருவில் நின்று அழுத தமிழ் அயலவர்களும் இருந்தார்கள் என்பதையும் பிள்ளை அறிய வேண்டும். அவள் இப்போது உட்காருவது அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பக்கத்தில். பெருநாளுக்கு அந்த வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பும்போது அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பாடசாலை விஷயத்தில் பெற்றோர் காட்டும் அவசரம்தான் எனக்கு மிகுந்த கவலை. சாதாரண தரப் பரீட்சைக்குரிய 10ஆம், 11ஆம் தரங்களின் நடுவில் பிள்ளையை இடம் மாற்றாதீர்கள். தொகுதிப் பாடங்கள் எல்லாப் பாடசாலைகளிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. அங்கே எடுத்த பாடம் இங்கே இல்லாவிட்டால், ஒன்றரை வருடப் படிப்பை ஆறு மாதத்தில் படிக்கப் பிள்ளை திண்டாடும். சேர்க்கும் முன் இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். விடுகைப் பத்திரத்தையும் புறப்படும் முன்னரே வாங்கிக்கொள்ளுங்கள். வாப்பா இங்கே கடையையும் வீட்டு வேலையையும் பார்க்க, பரீட்சை முடியும் வரை உம்மாவும் பிள்ளைகளும் புத்தளத்தில் இருக்கும் குடும்பங்கள் பல உண்டு. அது சிரமம்தான், செலவும் இரட்டிப்பு. ஆனாலும் பிள்ளையின் படிப்பு முறியாது.

கட்டாருக்கும் சவூதிக்கும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு வருட ஒப்பந்தம் என்று போகிறார்கள். அது நான்காகிறது, ஆறாகிறது. "இரண்டு வருடம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். எத்தனை வருடம் என்று உங்களுக்கே நிச்சயமில்லை என்றால் அதையே சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உண்மையைத் தாங்கத் தெரியும். பொய்யான தவணையை நம்பிக் காத்திருப்பதுதான் அதைச் சோர்வடையச் செய்யும்.

கடைசியாக, தோழிகள். "பழைய சிநேகிதத்தை விட்டால்தான் இங்கே ஒட்டுவாள்" என்று தொலைபேசியைப் பறித்து வைத்த தாய்மாரை அறிவேன். இது முழுத் தவறு. அங்கே சிரித்துப் பேச ஒருத்தி இருக்கிற பிள்ளைதான் இங்கேயும் பயமில்லாமல் வாய் திறப்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்களில் பல புத்தளம் வழியாகத்தான் போகின்றன. தவணை விடுமுறை தொடங்கியதும் உம்மாவோடு ஏற்றி அனுப்புங்கள், ஒரு வாரம் தோழிகளோடு இருந்துவிட்டு வரட்டும். போகும்போது இங்கே வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு என்ன வாங்கி வருவாய் என்று கேட்டு, அதற்கும் கையில் கொஞ்சம் காசு கொடுத்துவிடுங்கள்.