மொட்டை மாடி முயலுக்கு ஆகாது

எங்கள் தெருவில் இந்தப் பங்குனியில் மூன்று வீடுகளில் ஒரே பேச்சு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகள் அழுது அடம்பிடித்து வாங்கிய வெள்ளை முயல் குட்டிகள் இப்போது வளர்ந்துவிட்டன. வீட்டுக்குள் நாற்றம், ஒயரைக் கடிக்கிறது, கட்டிலுக்கு அடியில் புழுக்கை. வெளியே விடலாம் என்றால் தோட்டம் கிடையாது. கொல்லைப்புறம் எல்லாம் எப்போதோ சிமெண்ட் ஆகிவிட்டது. ஆகவே, "மாடியில ஒரு கூண்டு போட்டு விட்ருவோம்" என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து முன்பணமும் கட்டிவிட்டார்.

என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்: வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானே அதைச் செய்தவன் என்பதுதான். போன வருடம் பேத்தியின் இரண்டு முயல்களை மாடிக்கு ஏற்றச் சொன்னது என் மகனுமல்ல, மருமகளுமல்ல, நான்தான். 3 அடிக்கு 2 அடி கூண்டு, அடியில் கம்பி வலை, மேலே தகரம். 35 வருடம் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தவன் அல்லவா, கூண்டின் செலவு, தீவனத்தின் செலவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். வெயிலை மட்டும் எழுதவில்லை.

சித்திரை இரண்டாம் வாரம், பிற்பகல் 3 மணி. பேத்தி மாடிக்குப் போனவள், "தாத்தா, லட்டு வாயைத் தொறந்துகிட்டே இருக்கு" என்று கத்தினாள். முயல் வாயைத் திறந்து மூச்சு விடுகிற பிராணி இல்லை. மூக்கால் மட்டுமே விடும். வாய் திறந்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று பொருள். அது எனக்கு அன்று தெரியாது. மோவாயெல்லாம் நனைந்து, காது இரண்டும் அடுப்பில் சுட்ட அப்பளம் போல் சூடாக இருந்தது. பிரிட்ஜில் இருந்த ஐஸ் தண்ணீரை எடுத்து உடம்பு முழுக்க ஊற்றினேன். அதுவும் தவறு என்று கால்நடை டாக்டர் பிறகு சொன்னார். நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதைத் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டுமாம். நான் ஓடுவதற்குள் அது அடங்கிவிட்டது. இன்னொன்று, பூந்தி, பிழைத்தது. பேத்தி என்னோடு எட்டு நாள் பேசவில்லை. அது நியாயம்தான்.

அடுத்த நாள் கூண்டுக்குள் ஒரு சுவர் வெப்பமானியைத் தொங்கவிட்டேன். மதியம் 2.30-க்கு 44 டிகிரி. அதே நேரம் தெருவில் வேப்பமர நிழலில் 37. வீட்டின் மாடிப்படிக்கு அடியில் 33. மூன்று எண்ணையும் அதே நோட்டில் எழுதினேன், காலம் கடந்து.

இனி நம் ஆட்கள் சொல்லும் வாதத்துக்கு வருகிறேன். பட்டறையில் முன்பணம் கட்டியவர் என்னை மாமா என்பார். மனைவியின் ஊரில் குடியேறியவனுக்கு 74 வயதிலும் தெரு முழுக்க உறவுமுறைதான். அவர் சொன்னது இது: "என்ன மாமா நீங்க, முயலு காட்டுல வெயில்லதான கெடக்கு? அங்க என்ன ஏசியா மாட்டி வச்சிருக்காக?"

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடிப்படையே தப்பு. காட்டில் கிடப்பது வேறு, கூண்டில் இருப்பது வேறு. தமிழில் இரண்டுக்கும் முயல் என்று ஒரே பெயர் இருப்பதால் வந்த வினை.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பத்து பதினொரு வயது. அதற்குப் பிறகும் எங்களுக்குப் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. லா ஃபோந்தேன் எழுதிய நீதிக்கதைகளை மனப்பாடம் செய்யாமல் வகுப்பைத் தாண்ட முடியாது. ஆமையோடு ஓடித் தோற்ற முயலைப் பற்றி ஒரு நாள் எழுதச் சொன்னார்கள். நான் லபேன் என்று எழுதிவிட்டேன். வாத்தியார் பூஜ்யம் போட்டு, காதையும் திருகினார். ஆமையோடு ஓடியது லியேவ்ர். லபேன் என்பது பூமிக்குள் வளை தோண்டிக் குடியிருப்பது. அதே லா ஃபோந்தேன் வேறொரு கதையில், தன் வளையை மரநாய் இனத்துப் பிராணியொன்றிடம் பறிகொடுத்த லபேனைப் பற்றி எழுதியிருக்கிறார். காது வலித்ததால் அந்த வித்தியாசம் இன்றுவரை மறக்கவில்லை. பயன்படுத்த வேண்டிய நேரத்தில் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

நம் காட்டு முயல் லியேவ்ர் வகை. பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். சண்முகாநதி அணைப் பக்கம் பொழுது சாய்ந்து வண்டியில் வந்தால் விளக்கு வெளிச்சத்தில் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். அது வளை தோண்டாது, புல் மறைவில் சிறு பள்ளம் பறித்துப் படுக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பஞ்சதந்திரத்தில் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளியதும், நிலாவில் நம் பாட்டிகள் காட்டியதும் அதுதான். இந்த மண்ணும் வெயிலும் அதற்குப் பழக்கம். (அதைப் பிடிப்பதும் கறி வைப்பதும் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சிலருக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.)

கூண்டில் இருக்கும் வெள்ளை முயலோ ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கத்து வளை முயலின் வம்சம். உலகத்தில் உள்ள அத்தனை வீட்டு முயலும் அதன் வழிவந்தவைதான். குட்டி கண் திறக்காமல், மயிரில்லாமல் பிறக்கும். வெயில் நேரம் முழுக்க மண்ணுக்குள் குளிர்ச்சியில் கிடந்து, காலையிலும் அந்தியிலும் வெளியே வந்து மேய்கிற சாதி. அதற்கு நம்மைப் போல் வியர்க்காது. நாயைப் போல் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தும் சூட்டைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்குள்ள முக்கிய வழி அந்த இரண்டு நீளக் காதுகள். காதில் ஓடும் ரத்தம் காற்றுபட்டுக் குளிர வேண்டும். முயலின் உடம்புச் சூடே 39 டிகிரியை ஒட்டியது. தகரத்துக்கு அடியில் காற்றே 44 டிகிரி இருந்தால் காது எதைக் குளிர்விக்கும்? சூட்டை உள்ளேதான் வாங்கும். இதுதான் லட்டுவுக்கு நடந்தது. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் தொல்லை தொடங்குகிறது. நம் பள்ளத்தாக்கில் பங்குனி, சித்திரை, வைகாசியில் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் பகல் எது?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் போயிருப்பீர்கள். ஏரியையும் ஆட்டையும் பார்த்துப் போட்டோ எடுத்துத் திரும்பியிருப்பீர்கள். அங்கே மத்திய ஆட்டு ரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலப் பிரிவு இருக்கிறது. ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா என்று முயல் இனங்களை அங்கேதான் வளர்க்கிறார்கள். அரசாங்கம் அந்தக் குளிருக்குக் காரணமில்லாமல் போகவில்லை. சமவெளியில் கறிக்காக வளர்க்கும் பண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள்தான். அவர்களைப் போய்ப் பாருங்கள். உயரமான கொட்டகை, தென்னங்கீற்றுக் கூரை, சுற்றிலும் மரம், கோடையில் கூரைமேல் தண்ணீர். அப்படியும் கோடையில் கிடா முயலுக்கு வீரியம் குறைந்து, குட்டி நிற்பதில்லை என்று புலம்புவார்கள். காசுக்கு வளர்ப்பவன் கொடுக்கும் நிழலைக்கூடப் பாசத்துக்கு வளர்ப்பவன் கொடுக்கவில்லை என்றால் எப்படி?

வெயில் ஒன்று மட்டுமில்லை. மாடிக்கு ஏறிய நாளிலிருந்து அதை யாரும் பார்ப்பதில்லை. இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. வீட்டுக்குள் இருந்தவரை காலில் இடறும், அதனால் கவனம் இருந்தது. மாடியில் இருப்பதற்குக் காலையில் ஒரு கை புல், மாலையில் ஒரு கை புல், அவ்வளவுதான். முயலின் குடல் ஓயாமல் ஓட வேண்டிய குடல். அரை நாள் அது எதையும் தின்னாமல் குந்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து. அரை நாள் தின்னவில்லை என்று மாடியில் யாருக்குத் தெரியப்போகிறது? போதாததற்குக் காகம், பருந்து, பூனை, குரங்கு. கூண்டுக்குள் கை நுழையாவிட்டாலும் பூனை சுற்றிச் சுற்றி வந்தாலே போதும், பயத்தில் தீனி நின்றுவிடும். அடியில் கம்பி வலை என்றால் உள்ளங்கால் புண்ணாகும். நாய்க்கும் பூனைக்கும் இருக்கும் மெத்தென்ற பாதம் முயலுக்குக் கிடையாது, வெறும் மயிர்தான்.

கூண்டின் அளவையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் முயல் நலச் சங்கத்தார் இரண்டு முயலுக்குச் சொல்லும் அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். அதாவது ஏறக்குறைய 64 சதுர அடி. நான் கொடுத்தது 6 சதுர அடி. பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நான் கொடுத்த அளவுக்குத்தான் பற்றவைத்தார்.

சரி, நாற்றத்துக்கு என்ன வழி என்று மருமகள்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஏனென்றால் கூட்டிப் பெருக்குவது அவர்கள்தான், நானில்லை. குழந்தைக்கு இளைப்பு இருந்தால் அதுவும் நியாயமே. வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள் என்று நான் சட்டம் பேசவில்லை. வெளியே போகட்டும், மேலே போக வேண்டாம் என்கிறேன்.

தோட்டம் இல்லாத வீட்டிலும் மாடிப்படி இருக்கிறது. படிக்கு அடியில் ஒரு முக்கோண இடம் இருக்கிறது. என் நோட்டில் 33 டிகிரி காட்டிய இடம் அதுதான். அங்கே இப்போது என்ன நிற்கிறது? பைக். என் மகனோடு இதற்காக ஒரு வாரம் வாக்குவாதம். "பைக்க எங்கப்பா நிப்பாட்டுறது?" என்றான். தெருவில் நிறுத்து என்றேன். பைக் வெயிலைத் தாங்கும், பெயிண்ட் மங்கும், அவ்வளவுதான்.

படிக்கு அடியை முன்னும் பக்கமும் அரை அங்குல வெல்டு மெஷ் போட்டு அடைத்தோம். கோழி வலை உதவாது, பெருச்சாளி கடித்துவிடும், பாம்பும் நுழையும். படிக்கு அடியோடு நிறுத்தாமல் நடையிலும் கொஞ்சம் நீட்டி வலை அடித்ததில் ஐம்பது சதுர அடிக்கு மேல் கிடைத்தது. பிரிட்டன் கணக்குக்குக் குறைவுதான், ஆனால் ஓடித் திரும்ப முடிகிறது. தரையில் கோணிச்சாக்கு. மூலையில் வாய் உடைந்த பெரிய மண்பானையைப் படுக்க வைத்து, சுற்றிலும் மணலைக் குவித்து, கோடையில் காலையும் மதியமும் அந்த மணலை நனைக்கிறோம். வளை கிடைக்காதவனுக்குப் பானை. உள்ளே கைவிட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறது. பூந்தி பகல் முழுக்க அதற்குள்தான். தண்ணீரும் மண் சட்டியில். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் போட்டால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஒன்றாக இருந்தால் ஏங்கும் என்பதால் பேத்தி இன்னொன்று கேட்டாள். இரண்டும் பெட்டையா என்று டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் சேர்த்தோம். ஆணும் பெண்ணும் என்றால் 31 நாளைக்கு ஒரு ஈற்று, பிறகு தெரு முழுக்க முயல்தான்.

இடம் மாற்றுவதையும் பங்குனியில் செய்யாதீர்கள். வீட்டுக்குள் ஃபேன் காற்றில் இருந்ததைத் திடீரென்று வெளியே போட்டால் தாங்காது. மழை பெய்து குளிர்ந்த மாதத்தில், முதலில் காலையில் இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள், அப்புறம் முழு நாள். இரவில் சில நாள் வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம். பக்கத்தில்தானே இருக்கிறது என்று திராட்சைப் பந்தலுக்கு அடியில் புல் அறுத்து வந்து போடுகிறார்கள். பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதற்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் பிரெஞ்சுக்காரன் கண்டுபிடிப்புதான். பந்தலில் அடிக்கும் மருந்து கீழே புல்லிலும் சொட்டும், இப்போது அதைவிடக் கடுமையான மருந்துகளும் அடிக்கிறார்கள். அந்தப் புல் முயலுக்கு வேண்டாம். மருந்து படாத இடத்து அருகம்புல் போதும், அதுவே முக்கால் பங்குக்கு மேல் இருக்கட்டும். படத்தில் முயல் கேரட் தின்கிறது என்பதற்காகக் கேரட்டை அள்ளிப் போடாதீர்கள், அது மிட்டாய் மாதிரி.

பட்டறையில் முன்பணம் கட்டியவரிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். "முன்பணம் போயிருமே மாமா" என்றார். அதே கம்பியில் படிக்கு அடியை அடைக்கச் சட்டம் அடித்துத் தரச் சொல்லுங்கள், பட்டறைக்கு எல்லாம் ஒன்றுதான் என்றேன். பார்க்கிறேன் என்று போயிருக்கிறார். அளவெடுக்க டேப் கேட்டு அவர் மகன் இன்று காலை வந்தான், கொடுத்தனுப்பினேன்.

எங்கள் பழைய கூண்டு இன்னும் மாடியில்தான் கிடக்கிறது. என் மனைவி அதற்குள் வடகம் பிழிந்து வைக்கிறாள், காக்கை தொடுவதில்லை. இரண்டு நாள் காய வேண்டியது அரை நாளில் காய்ந்துவிடுகிறது என்று அவளுக்குச் சந்தோஷம்.