ஆறு பந்தில் தீர்ப்பா?

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருப் பையன்கள் போன ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடினார்கள். இரண்டு கட்சியும் 23 ரன். சமம்!

"டி.வி.யில் காட்டுகிறார்களே, அதுபோல சூப்பர் ஓவர் வைத்துக்கொள்ளுங்களேன்" என்றேன்.

ஒரு பொடியன் தலையை ஆட்டி மறுத்தான். "வேண்டாம் தாத்தா. ஒரே ஓவர் என்றால், இவ்வளவு நேரம் நன்றாகப் பந்து போட்டவனுக்கு என்ன லாபம்? ஆளுக்கு இன்னும் நாலு ஓவர் ஆடுகிறோம்" என்றான்.

நானும் அந்தப் பொடியன் கட்சிதான். ஏன் என்று சொல்கிறேன்.

2010-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். பந்தயம். சென்னை சூப்பர் கிங்சும் கிங்ஸ் லெவன் பஞ்சாபும் மோதின. முதலில் ஆடிய பஞ்சாப் 20 ஓவரில் 136 ரன் எடுத்தது. இந்த வகைப் பந்தயத்தில் அது சின்னத் தொகை. ஆனால், பஞ்சாப் பந்து வீச்சாளர்கள் விடவில்லை. சென்னையும் 136 ரன்னோடு நின்றது!

ரன் குவியும் பந்தயத்தில் பத்து ரன் போனால் யாரும் கவலைப்படுவதில்லை. குறைந்த ரன் பந்தயம் அப்படி அல்ல. மாதக் கடைசியில் வீட்டில் சில்லறையை எண்ணுவதுபோல ஒவ்வொரு ரன்னையும் எண்ண வேண்டும். பந்து வீசுகிறவருக்கும், பாய்ந்து தடுக்கிறவருக்கும் மதிப்பு கிடைப்பது இங்கேதான்.

இரண்டு அணியும் சேர்ந்து 240 பந்து ஆடியும் முடிவு தெரியவில்லை. உடனே சூப்பர் ஓவர்! ஆளுக்கு ஆறே பந்து.

சென்னை 9 ரன் எடுத்தது. அடுத்து பஞ்சாப். பந்து போட்டவர் முத்தையா முரளிதரன். எதிரே நின்றவர் அவருடைய இலங்கைத் தோழர் மகேல ஜெயவர்த்தனே. முதல் பந்தே சிக்சர்! பிறகு அவர் அவுட் ஆனார். யுவராஜ் சிங் ஒரு பவுண்டரி அடித்தார். கதை முடிந்தது.

பஞ்சாபை நான் குறை சொல்லவில்லை. விதியைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. இரண்டு கட்சியும் மாறி மாறி 9 முறை ஆடும். சமமானால் இன்னும் ஒரு முறை. அப்போதும் சமமா? இன்னும் ஒன்று! 1963-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பந்தயம். 15 முறை ஆடியும் இரு பக்கமும் பூஜ்யம். ஒரு பக்கம் பந்து எறிந்தவர் வாரன் ஸ்பான், வயது 42. மறுபக்கம் ஹுவான் மாரிசால், வயது 25. கடைசி வரை அவர்களே எறிந்தார்கள். 16-வது முறை வில்லி மேஸ் ஓங்கி ஓர் அடி அடித்தார். 1-0! ஸ்பான் தோற்றார். ஆனாலும், முதலில் ஆடிய அதே ஆட்டத்தில்தான் தோற்றார். (2020 முதல் லீக் பந்தயங்களில் அங்கேயும் சீக்கிரம் முடிக்க வழி செய்துவிட்டார்கள். அவசரம் எந்த ஊரில்தான் இல்லை!)

"விடிய விடிய ஆடினால் ரசிகர்கள் வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். இறுதிப் பந்தயமானால் ஆளுக்கு ஐந்து ஓவராவது கொடுக்கட்டும். லீக் பந்தயத்தில் அதுவும் வேண்டாம். இருக்கும் இரண்டு புள்ளியை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

ஒரு புள்ளிதானே என்று நினைக்காதீர்கள். அந்த ஆண்டு லீக் முடிவில் சென்னை, பெங்களூர், டில்லி, கொல்கத்தா ஆகிய நான்கும் 14 புள்ளியில் நின்றன. ரன் விகிதம் பார்த்து டில்லியையும் கொல்கத்தாவையும் வெளியே அனுப்பினார்கள். சென்னை பிழைத்தது. பிறகு கோப்பையையும் வென்றது.

எப்படிப் பிழைத்தது தெரியுமா? ஏப்ரல் 18-ந் தேதி தர்மசாலாவில் அதே பஞ்சாபோடு பந்தயம். தோற்றால் வெளியே. கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். தோனி அடித்து முடித்தார். எல்லா அணிக்கும் கடைசி ஓவரில் ஒரு தோனி இருப்பாரா?