பழைய பாட்டிலும் அதன் லேபிளும்

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து மீன் அமிலமும் தேமோர் கரைசலும் தயாரித்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொடுக்கிறோம். புது பாட்டில் வாங்கக் கட்டுப்படியாகாததால் காலி மது பாட்டில்களைச் சேகரித்து அதில்தான் ஊற்றி வைக்கிறோம். போன வாரம் கரண்ட் இல்லாத இரவில் என் மாமனார் பரணில் இருந்த குவார்ட்டர் பாட்டிலை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். வாடை வித்தியாசமாக இருந்ததால் கீழே வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. லேபிளைக் கிழித்தால் பாதி வருகிறது, பாதி ஒட்டிக்கொள்கிறது. சுலபமான வழி உண்டா? இந்தப் பாட்டிலில் நல்லெண்ணெய் ஊற்றலாமா?
– வாசகி, குளித்தலை வட்டம்

பதில்: உங்கள் மாமனாரை நான் குறை சொல்ல மாட்டேன். பிராந்தி பாட்டில், பிராந்தி லேபிள், உள்ளே இருப்பதும் பிராந்தி நிறம். அவர் வேறு என்னவென்று நினைப்பார்? வாடை காப்பாற்றியது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நன்றாகப் பக்குவமான மீன் அமிலத்தில் அழுகல் நாற்றம் அடங்கிப் பழவாடைதான் வரும். நீங்கள் நன்றாகத் தயாரிக்கத் தயாரிக்க, ஏமாறுவதும் சுலபமாகும். அதனால் லேபிளைக் கழற்றுவதை அழகுக்கான வேலையாக நினைக்காதீர்கள்.

முதலில் பாட்டில்களைப் பிரியுங்கள். விரிசல், வாயில் சில்லு பெயர்ந்தது எல்லாம் கழிவுக்குப் போகட்டும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத பாட்டிலையும் எடுக்காதீர்கள். ரோட்டோரத்தில் கிடக்கும் மது பாட்டிலில் முன்பே யாராவது பூச்சிமருந்தோ, பெட்ரோலோ, பேட்டரி ஆசிட்டோ ஊற்றி வைத்திருந்திருக்கலாம். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். தெரிந்த இடத்தில், தெரிந்த கையில் வாங்குங்கள். இன்னொன்று, நீலகிரியில் 2022-ல் தொடங்கிய காலி மது பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் இப்போது வேறு மாவட்டங்களிலும் இருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்கு 10 ரூபாய். உங்கள் பகுதியில் அது நடந்தால் காலி பாட்டில் இனி சும்மா கிடைப்பதல்ல, அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது லேபிள். மது, பீர் பாட்டில்களில் இருக்கும் காகித லேபிள் பெரும்பாலும் தண்ணீரில் இளகும் பசையால் ஒட்டியது. காய்ந்த பாட்டிலைச் சுரண்டினால் காகிதத்தின் மேல்தோல் மட்டும் உரியும், பசை அப்படியே இருக்கும். உங்களுக்கு நடப்பது அதுதான். மளிகைக் கடையில் சலவை சோடா கேளுங்கள். ஆப்ப சோடா இல்லை, அதற்கு இந்த வேலைக்குக் காரம் போதாது. 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம் சலவை சோடா கரைத்து, பாட்டிலுக்குள்ளும் அந்தத் தண்ணீர் நிறையும்படி படுக்க வைத்து, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பாதி லேபிள்கள் தானாகவே மிதக்கும். மீதியைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். உதிர்ந்த காகிதத்தை உடனே அள்ளிவிடுங்கள். விட்டால் கூழாகி மறுபடி பாட்டிலிலேயே ஒட்டும்.

ஊறவைப்பது பிளாஸ்டிக் தொட்டியிலோ வாளியிலோ இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தைச் சலவை சோடா அரித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சலவை சோடா கிடைக்காத ஊரில் அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிவை இறுத்து ஊற்றலாம், அதுவும் காரம்தான். பாட்டில் கம்பெனிகளில் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுவது உண்மை. அது இயந்திரத்தில் நடக்கிற வேலை. வீட்டில் காஸ்டிக் வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.

வழவழப்பான ஸ்டிக்கர் லேபிளுக்கு ஊறல் பலிக்காது. பாட்டிலுக்குள் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்தால் கோந்து இளகும், ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். மிச்சமிருக்கும் பிசுபிசுப்பில் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துணியால் துடைத்துச் சீயக்காய் போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெயிலும் போகும். ஆனால் உணவுப் பொருள் ஊற்றப்போகும் பாட்டிலுக்கு அது கூடாது. கண்ணாடியிலேயே அச்சடித்த எழுத்து எதிலும் போகாது. அந்தப் பாட்டிலைச் சேர்க்காமல் விடுவது நல்லது.

கொதிக்கிற தண்ணீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றாதீர்கள், பட்டென்று விடும். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் போன்ற பிளாஸ்டிக் வகை, சூட்டில் சுருங்கிக் கோணிக்கொள்ளும். அதற்குப் பச்சைத் தண்ணீரும் சோப்பும் போதும்.

உட்புறத்துக்கு ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். நொறுக்கிய முட்டை ஓடும் நன்றாக வேலை செய்யும். மணல் போட்டுக் குலுக்குகிறவர்கள் உண்டு. அது கண்ணாடியைக் கீறும், கீறலில் அழுக்கு தங்கும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் பாட்டிலில் வெள்ளைப் படலம் படியும், புளித்தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால் கரையும். கடைசியாக நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசித் தலைகீழாக வெயிலில் கவிழ்த்துங்கள்.

நல்லெண்ணெய்க்கு வருகிறேன். முன்பு உணவோ பானமோ மட்டும் இருந்த கண்ணாடி பாட்டில், மேலே சொன்னபடி கழுவியது என்றால் வீட்டுக்கு ஊற்றலாம். ஆனால் ஒருமுறை மீன் அமிலம் ஊற்றிய பாட்டில் கடைசி வரை மீன் அமிலத்துக்குத்தான். எண்ணெய் ஊற்றும் பாட்டிலை அடியில் துணி விரித்த பாத்திரத்தில் வைத்து, பச்சைத் தண்ணீரிலேயே மூழ்கவிட்டு, மெல்லச் சூடேற்றி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தண்ணீர் ஆறிய பிறகு எடுங்கள். ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காய வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், தேனாக இருந்தால் புளிக்கும். மூடி மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய மூடிக்குள் இருக்கும் வட்ட அட்டையில் பழைய வாடை தங்கியிருக்கும். பழுப்பு நிற பீர் பாட்டில் கிடைத்தால் வேப்பெண்ணெய்க்கு ஒதுக்குங்கள். வேப்பெண்ணெயின் வீரியம் வெளிச்சத்தில் குறையும். விற்பனைக்கு எண்ணெய் அடைப்பதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணோடு உங்கள் சொந்த லேபிள் வேண்டும். அதற்குப் புது பாட்டில்தான் சரி.

தேமோர் கரைசல் புளிப்பு, மது பாட்டிலின் அலுமினிய மூடியை அரிக்கும். பிளாஸ்டிக் மூடியோ தக்கையோ போடுங்கள். மீன் அமிலத்தில் வெல்லம் இருக்கிறது. 21 நாள் முடியாமல் பாட்டிலில் அடைத்து மூடியை இறுக்கினால் உள்ளே காற்று சேர்ந்து கண்ணாடி வெடிக்கும். சந்தேகமாக இருந்தால் பாட்டில் வாயில் ஒரு பலூனை மாட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பலூன் உப்பினால் இன்னும் முடியவில்லை. முடிந்த பிறகும் முக்கால் பாட்டில் மட்டும் ஊற்றுங்கள்.

பழைய லேபிள் போனதும் புது லேபிள் அன்றைக்கே ஏற வேண்டும். பெயரில்லாத பாட்டில், தப்பான பெயருள்ள பாட்டிலைவிடக் கொஞ்சம்தான் மேல். தாளில் பெரிய எழுத்தில் ‘மீன் அமிலம்’, தயாரித்த தேதி, ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதி, ஒட்டி, மேலே அகலமான செலோடேப் சுற்றுங்கள், எழுத்து அழியாது. ஆனால் உங்கள் வீட்டில் நடந்தது இருட்டில். அதனால் தோட்டத்துக்கான ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் தேங்காய்நார்க் கயிறு ஒரு சுற்றுக் கட்டி முடிச்சுப் போடுங்கள். கை பட்டதுமே தெரியும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். பரணிலிருந்து இறக்கி மோட்டார் ரூமில் பூட்டி வையுங்கள். மாமனாரிடம் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சண்டையும் தீரும்.

கேள்வி: களைக்கொல்லி வந்த 5 லிட்டர் கேன் கெட்டியாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் சோடா போட்டு நாலைந்து தடவை கழுவி, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் கூடாது. மருந்து பிளாஸ்டிக்கின் உடம்புக்குள் ஊறியிருக்கும். சோடா மேற்பரப்பைத்தான் கழுவும், ஊறியது பிறகு உங்கள் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், விதை நெல் போட்டு வைக்கவும்கூட வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பெரிய கேனில் வாங்கிய களைக்கொல்லியைப் பங்கு பிரித்துக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை நான் இன்னும் பார்க்கிறேன். பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே இல்லை, ஒரு வாய் போதும். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், மருந்து வந்த அசல் டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது எந்த மருந்து என்பதுதான். குளிர்பான பாட்டிலைக் காட்டினால் அவர் என்ன செய்வார்?

மருந்து தீர்ந்த கேனை மூன்று முறை அலசுங்கள். ஒவ்வொரு முறையும் அலசிய தண்ணீரை அன்றைக்கு அடிக்கும் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள், வாய்க்காலில் வேண்டாம். பிறகு அடியில் கடப்பாரையால் இரண்டு ஓட்டை போடுங்கள். பூச்சிக்கொல்லி விதிகள் 1971, காலி டப்பாக்களை உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது. கிணறு, வாய்க்கால் பக்கம் இல்லாத மேட்டில் புதையுங்கள். அதுவரை தோட்டத்துக் கொட்டகையில், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஓட்டை மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு வீட்டில் யாராவது அதில் தண்ணீர் பிடித்துவிடுவார்கள்.