எந்த மோதல் என்று யார் தீர்மானிப்பது?

மேல்நிலை வகுப்புப் பௌதிகத்தில் மோதல் கணக்கு கேட்கும் ஆசிரியர்கள், இதனை மீட்சி மோதல், அதாவது மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல், எனக் கொள்க என்றொரு வாசகத்தையும் பெரும்பாலும் தாராளமாகச் சேர்த்துவிடுகிறார்கள். மாணவன் தானே ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டிய பிரதான விஷயத்தை முன்கூட்டியே தீர்மானித்துக் கொடுத்துவிடும் இந்த உபகாரம், என் அபிப்பிராயத்தில், அபகாரமே.

சாமளாபுரத்துத் தறிக்குடோன் ஒன்றில் சற்று நேரம் நின்றவருக்கு இது விளங்கும். ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவின் குறுக்கே பாயும் நாடா, மறுபக்கத்துப் பெட்டிக்குள் புகுந்து மோதி நிற்கிறதே, அது வந்த வேகத்தில் திரும்புவதில்லை. தானாகத் திரும்பினால் நெசவு கெடும். அதன் உந்தம் தறிச்சட்டத்தின் வழியே தரைக்குப் போய்ச் சேருகிறது. இயக்க ஆற்றலோ வெப்பமாகவும், அதிர்வாகவும், அருகில் நிற்பவர் பேச்சையே அமுக்கிவிடும் பேரிரைச்சலாகவும் சிதறிப்போகிறது. மீண்டும் எறிவதற்கு மோட்டார் புதிதாக ஆற்றல் தந்தாக வேண்டும். மின்கட்டண ரசீதைப் பார்த்துப் பெருமூச்சு விடும் தறிக்காரருக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை. இந்த நாடாவையே கணக்காகக் கொடுத்து, எந்த விதி இங்கே செல்லும், எது செல்லாது என்று சொல்வதற்கே பாதி மதிப்பெண் வைத்தால் என்ன?

மீட்சி மோதல்தான் என்று தெளிந்த பிறகு, மாணவர்கள் நெட்டுருப் போடும் நீண்ட சூத்திரங்கள் தேவையில்லை. ஆற்றல் சமன்பாட்டை உந்தச் சமன்பாட்டால் வகுத்தால், வர்க்கங்களெல்லாம் மறைந்து, நெருங்கிய வேகமே விலகும் வேகம் என்ற ஒற்றை வரி மிஞ்சும்.

இதற்கு உதாரணமாக, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், பிளவில் பிறக்கும் வேக நியூட்ரான்களைத் தணிப்பது கனநீரிலுள்ள டியூட்டீரியம். நியூட்ரானின் நிறை 1, வேகம் 3 என்றும், அசையாதிருக்கும் டியூட்டீரிய அணுக்கருவின் நிறை 2 என்றும் வைத்துக்கொண்டால், மொத்த உந்தம் 3, விலகும் வேகமும் 3. நேருக்கு நேர் மோதுகையில் இவ்விரண்டுக்கும் பொருந்துவது, அணுக்கரு 2 என்ற வேகத்தில் முன்செல்ல, நியூட்ரான் 1 என்ற வேகத்தில் பின்திரும்புவதுதான். தன் ஆற்றலில் 9-இல் 8 பங்கை ஒரே மோதலில் அது இழந்துவிடுகிறது.

சமநிறை கொண்ட சாதாரண ஹைட்ரஜனோடு மோதினால் நியூட்ரான் முழு ஆற்றலையும் கொடுத்துவிட்டு நின்றேவிடும் என்று அதே கணக்கு சொல்லும். கணக்கை மட்டும் நம்பியவர், விலையுயர்ந்த கனநீர் எதற்கு என்று கேட்கவும் கூடும். ஆனால் அந்த ஹைட்ரஜன், தன்னிடம் வந்த நியூட்ரானை அவ்வப்போது விழுங்கியே விடும் சுபாவமுடையது. இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகக் கொண்ட அந்த உலைகள் அத்தனை நஷ்டத்தைத் தாங்கமாட்டா.