ஏரோப்பிளேனுக்கு ஒரு நீதி, ஏர் ஓட்டுறவனுக்கு ஒரு நீதியா?

பேரையூர் தாலுகா விவசாயப் பெருமக்களே!

மத்தியப் பிரதேச அரசு, முதலமைச்சரும் அதிகாரிகளும் போய்வர 'கிங் ஏர்' என்ற ரெட்டை எஞ்சின் காற்றாடி விமானம் ஒன்றை வாங்கி வைத்திருந்தது. 2021 மே 6ல் அது கொரோனா மருந்து ஏற்றிவந்து குவாலியர் ஓடுதளத்தில் மோதி நொறுங்கியது. சுமார் 60 கோடி ரூபாய் நாசம். உள்ளே இருந்த மூன்று பேரும் காயத்தோடு பிழைத்தார்கள், அது பெரிசு.

ஆனால் கேளுங்கள், அந்த விமானத்துக்கு இன்சூரன்சே கிடையாது! 2022ல் விமானிக்கு 85 கோடி கட்டச் சொல்லி நோட்டீஸ். இன்சூரன்ஸ் இல்லாமல் பறக்கவிட்டது யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயம்தானே?

நம்ம கதை என்ன? 2016ல் மத்திய அரசின் பயிர்க் காப்பீடு வந்தது. பயிர்க்கடன் வாங்கினவன் கட்டாயம் பிரிமியம் கட்டணும். காரீப் தானியத்துக்கு நூற்றுக்கு 2 வரை, பருத்திக்கு 5 வரை. அந்தக் கட்டாயம் 2020ல்தான் போச்சு. நாலு வருசம் நமக்கு விலக்கு உண்டா? அறுபது கோடி விமானத்துக்கு மட்டும் உண்டாம்!

மழை பொய்த்துக் கரிசல் காடு காய்ந்தால் தனி ஆள் நஷ்டம் கணக்கில் வராது. கிராமம், பிர்கா சராசரிதான். என் பருத்தியில் செடிக்கு நாலு காய் தேறலை, "உங்க பிர்காவுல விளைஞ்சிருக்கு" என்றார்கள். எவன் காட்டில் அறுத்து எடை போட்டீங்க என்றேன். பதில் இல்லை.

அறுவடைப் பரிசோதனைக் கணக்கைச் சர்வே நம்பரோடு ஊர்ச் சாவடியில் ஒட்டு! இதைக் கேட்கத்தான் தாலுகா ஆபீஸ் போகிறோம். சிட்டா, அடங்கல், பிரிமியம் ரசீதோடு வாங்க.

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்